கண்டது, கேட்டது, கருதியது: திறந்த முடிவுகளை வாசிக்கக் கற்பித்தல்

திகில் படம் ஒன்று தொலைக்காட்சியில் ஓடிய மறுநாள், உயர்நிலை வகுப்பு எதற்குள் நுழைந்தாலும் அதைப் பற்றிய பேச்சு காதில் விழும். கடைசிக் காட்சியில் வந்தது பேயா, அவனுடைய மனப்பிரமையா? அவன் தப்பித்தானா, மாட்டிக்கொண்டானா? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். வாதம் முற்றி, கடைசியில் ஆசிரியரிடம் தீர்ப்புக்கு வரும்: "நீங்க சொல்லுங்க டீச்சர், எது சரி?"

"முதல்ல புத்தகத்தை எடுங்க" என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் கருத்தறிதல், ஊகித்தல், காரணம் காட்டி விளக்குதல் என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதிவைக்கும் திறன்களை, நாம் கேட்காமலேயே பிள்ளைகள் அங்கே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்ததும் அதே பிள்ளைகள் நோட்ஸில் உள்ள விடையைத் தேடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போடலாம். திருநெல்வேலிப் பகுதி அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் செய்துபார்த்த ஒரு செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். தொடக்க வகுப்புகளுக்கு ஏற்ற வடிவமும் தனியே தரப்பட்டுள்ளது.

மாற்றி எழுதுவது வேறு, விளங்கிக்கொள்வது வேறு

"இக்கதையின் முடிவை மாற்றி எழுதுக" என்ற பயிற்சி நமக்குப் பழக்கமானது. அது கற்பனைக்கு நல்ல பயிற்சி. அங்கே எந்த முடிவும் தவறில்லை. இறந்தவரைப் பிழைக்க வைக்கலாம், பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கலாம்.

ஒரு படைப்பு தன் முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கும்போது அதை விளங்கிக்கொள்வது இதற்கு எதிர்த்திசையில் செல்லும் வேலை. நமக்கு எது பிடிக்கும் என்பது அங்கே கேள்வியே இல்லை. படைப்புக்குள் என்ன இருக்கிறது, அது எந்த முடிவுக்கு இடம் தருகிறது, எதற்கு இடம் தரவில்லை என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லா விடைகளும் சரியாக இருக்க முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பிள்ளைகள் ஒன்றாகப் புரிந்துகொண்டால் பாடம் வெற்றி.

மூடிய திருப்பம், திறந்த திருப்பம்

திருப்பங்கள் இரு வகை என்பதை முதலில் காட்ட வேண்டும். அதற்கு வசதியான பழைய படம் 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த இந்தப் படத்தில் பாடல்களே இல்லை. போர்க்காலச் சென்னையில், 1943 அக்டோபரில், ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் அது. விசாரணைக்கு உட்படும் ஒவ்வொருவரும் நடந்ததைத் தம் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் இன்னொருவர்மேல் ஐயம் எழுப்புகிறது. இறுதியில் உண்மை வெளியாகிறது: எதிரி நாட்டுக்கு உளவு சொன்ன கணவனை மனைவி உஷாவே சுட்டிருக்கிறாள். இது மூடிய திருப்பம். படம் முடியும்போது யார், ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

இந்தக் கதைசொல்லும் முறைக்கு முன்னோடி, அகிரா குரோசாவா இயக்கிய 'ரஷோமோன்' என்ற ஜப்பானியப் படம் (1950). அங்கும் ஒரு சாவைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆனால் எது உண்மை என்று படம் நமக்குத் தீர்த்துச் சொல்வதில்லை. ஒரே முறையில் சொல்லப்பட்ட இரண்டு கதைகளில் ஒன்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறது, மற்றொன்று திறந்தே வைத்துவிட்டுப் போகிறது. இதை ஐந்து நிமிடத்தில் வாய்மொழியாகச் சொன்னாலே பிள்ளைகள் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

'பீட்சா'வின் கடைசிக் கதவு

நம் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே பார்த்த, திறந்த திருப்பம் உள்ள தமிழ்ப் படம் ஒன்று வேண்டுமானால் 'பீட்சா' பொருத்தமானது. 2012இல் வெளிவந்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படம். விஜய் சேதுபதி நடித்த மைக்கேல், பீட்சா கடையில் வேலை பார்ப்பவன். அவனுக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. அவனோடு வாழும் அனு, பேய்களைப் பற்றிப் படிப்பவள், பேய்க்கதை எழுத நினைப்பவள்.

ஒரு நாள் மைக்கேல் உடம்பெல்லாம் ரத்தக் காயத்தோடு கடைக்குத் திரும்பி வருகிறான். ஒரு பங்களாவுக்குப் பீட்சா கொடுக்கப் போன இடத்தில் கதவு மூடிக்கொண்டது, உள்ளே கொலை, அமானுஷ்யம் என்று அவன் சொல்ல, அதையெல்லாம் நாமும் கண்ணால் பார்க்கிறோம். பின்னர்தான் முதல் திருப்பம். முதலாளியின் வைரங்கள் தற்செயலாக அவன் கைக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ள அவனும் அனுவும் சேர்ந்து கட்டிய கதைதான் அந்த பங்களா. முதலாளியின் மகள் பேய் பிடித்தவள்போல் நடந்துகொள்வதை மைக்கேல் முன்பே அறிந்தவன். முதலாளி எதற்கு அஞ்சுவார் என்று தெரிந்துகொண்டு அந்த அச்சத்தையே கதைக்குள் வைத்திருக்கிறான்.

படம் அதோடு முடியவில்லை. இன்னொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோகிறான் மைக்கேல். உள்ளே போனதும் கதவு மூடிக்கொள்கிறது. தான் கட்டிச் சொன்ன கதையின் நடுவில் இப்போது தானே நிற்பதுபோல் நிற்கிறான். அங்கே படம் முடிகிறது.

இந்த முடிவுக்கு வகுப்பில் வரும் விளக்கங்களைக் கரும்பலகையில் எழுதினால் பெரும்பாலும் மூன்றாக அடங்கும்.

ஒன்று: இந்த முறை உண்மையிலேயே பேய். இதற்கு ஒரு பத்தாம் வகுப்பு மாணவி காட்டிய சான்று எனக்கு மிகவும் பிடித்தது. "முதல்ல நாம பங்களாவுல பாத்தது எல்லாம் அவன் மத்தவங்களுக்குச் சொன்ன கதை டீச்சர். கடைசில பாத்தத யாரும் யாருக்கும் சொல்லல. அப்ப அதை நம்பலாம்லா?" படத்தில் பார்த்த எல்லாம் ஒரே தரமானவை அல்ல, ஒருவர் வாய்வழியாக வந்த காட்சியும் கேமரா நேரடியாகக் காட்டிய காட்சியும் வேறு என்ற நுட்பம் அந்தப் பதிலில் இருக்கிறது.

இரண்டு: அவன் மனத்தின் வேலை. நம்பிக்கை இல்லாதவன், அனுவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அச்சத்தைப் பழகியிருக்கிறான். பொய்யை நம்பும்படி சொல்வதற்காக அதைத் தனக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருப்பான். திருடிய குற்றவுணர்வும் இருக்கலாம். "கதவு காத்துல கூட மூடும் டீச்சர், பயந்தவனுக்குத்தான் அது பேய்" என்றான் ஒரு மாணவன். இதற்கும் படத்தில் இடம் இருக்கிறது.

மூன்று: இது நம்மை நோக்கி இயக்குநர் செய்யும் குறும்பு. பேய் இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்து நாம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் அந்த நிம்மதியையும் பறிக்கிறார். பேயா பிரமையா என்பதைவிட, நம்பாதவரையும் கடைசியில் ஒரு நொடி நம்ப வைப்பதே முடிவின் நோக்கம். இவ்விளக்கம் பாத்திரத்தை விட்டுப் பார்வையாளரைக் கவனிக்கிறது.

இவற்றோடு நிற்காத நான்காவது வகை விளக்கங்களும் வரும். "அனுதான் பேய்" என்பார்கள். "எல்லாம் கனவு" என்பார்கள். இவற்றைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். "படத்தில் எங்கே அது தெரிகிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். அனு திருட்டுத் திட்டத்தில் பங்கேற்றவள் என்பதைப் படமே காட்டிவிட்டது. அவள் இல்லாததுபோல் தோன்றியது மைக்கேல் சொன்ன கதைக்குள்தான். கனவு என்பதற்கு ஒரு காட்சிகூடச் சான்று இல்லை. சொன்ன பிள்ளையே தன் விளக்கத்தைக் கைவிடும். ஆசிரியர் 'தவறு' என்று சொல்லாமலேயே தவறான விடை விலகுவதை வகுப்பு பார்ப்பது முக்கியம்.

ஒரு குறிப்பு: முழுப் படத்தையும் வகுப்பில் திரையிடத் தேவையில்லை. அதன் சில பகுதிகள் இந்த வயதினருக்கு உரியவையும் அல்ல. மேலே சொன்ன அளவுக்குக் கதையை ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும்.

காஞ்சனை: நம் ஊர்க்காரர் திறந்துவைத்த கதவு

படத்திலிருந்து எழுத்துக்கு வர நமக்கு நல்ல வழி இருக்கிறது. திருநெல்வேலியில் வளர்ந்து, நெல்லை இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'காஞ்சனை', தமிழில் இவ்வகைக் கதைகளுக்கு ஒரு முன்மாதிரி. 1943இல் வெளிவந்தது. அவருடைய படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் தேவையான பக்கங்களை நகலெடுத்துப் பிள்ளைகளுக்குத் தரலாம்.

கதையைச் சொல்பவன் ஓர் எழுத்தாளன். தூக்கம் வராத ஓர் இரவில் காரணம் தெரியாத ஒரு நாற்றத்தை உணர்கிறான். மறுநாள் வாசலில் பிச்சை கேட்டு வந்த பெண்ணை அவன் மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. அவளுடைய கால்கள் தரையில் படவில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. மறுபடியும் பார்க்கிறான், கால்கள் தரையில்தான் இருக்கின்றன. மனைவிக்கு ஆபத்து என்ற அச்சம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. இரவில் வந்த ஒருவன் தந்த சாம்பலை மனைவியின் நெற்றியில் இடுகிறான். காஞ்சனை வீட்டைவிட்டு மறைந்துவிடுகிறாள். மறுநாள் மனைவி ஆண்களைப் பற்றி எரிச்சலாக ஒரு வார்த்தை சொல்கிறாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கதை முடிந்தது.

'பீட்சா'வைப் பேசிய பிறகு இதைப் படிக்கும் பிள்ளைகள் ஓர் ஒற்றுமையைத் தாமே கண்டுபிடிக்கிறார்கள். இரண்டிலும் நமக்குக் கதை சொல்பவன் கதை கட்டுபவன். மைக்கேல் ஆதாயத்துக்காகக் கட்டுகிறான். காஞ்சனைக் கதைசொல்லியோ, தான் கதை கட்டிப் பிழைப்பவன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அப்படிச் சொன்னவன் தரும் சாட்சியத்தை எந்த அளவுக்கு நம்புவது?

அடுத்ததாகக் கால்கள் பற்றிய இடம். அந்த ஒரு பத்தியை மூன்று முறை உரக்கப் படிக்க வைக்கலாம். முதல் பார்வை ஒன்று சொல்கிறது, இரண்டாம் பார்வை வேறு சொல்கிறது. பேய் என்று நம்புகிறவர் முதல் பார்வையைப் பிடித்துக்கொள்வார். பிரமை என்பவர் இரண்டாம் பார்வையைப் பிடித்துக்கொள்வார். ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கதையின் முடிவு திறந்திருப்பது கடைசி வரியால் மட்டும் அல்ல, இப்படி நடுவில் பல இடங்களில் அது திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. முடிவை விளங்கிக்கொள்ள நடுப்பக்கங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற வாசிப்புப் பழக்கம் இங்கே உருவாகிறது.

மூன்றாவதாக மனைவி. கதை முழுவதும் கணவன் கண்ணால்தான் பார்க்கிறோம். அவள் இந்த நாட்களைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதற்குக் கடைசியில் அவள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் பெரிய தடயம். வேலைக்கு உதவியாக வந்தவளைக் கணவன் தன் அச்சத்தால் விரட்டிவிட்டான் என்று எண்ணுகிறாளா? வேறு ஐயமா? ஒன்றும் அறியாமல் பொதுவாகச் சொல்கிறாளா? இதே கதையை மனைவி சொன்னால் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்லலாம். கதையில் உள்ள நிகழ்ச்சி எதையும் மாற்றக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

மூன்று கட்டங்கள்: இரண்டு பாடவேளைச் செயல்பாடு

தமிழ்த் தத்துவ மரபில் அறிவு நம்மை வந்தடையும் வழிகளை 'அளவை' என்பார்கள். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று மூன்றைக் கொள்கிறது. நேரில் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லால் அறிவது உரை. இந்தச் செயல்பாட்டின் மூன்று கட்டங்களும் இதிலிருந்து எடுத்தவையே.

முதல் பாடவேளை. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு தாளை மூன்று கட்டங்களாகப் பிரித்து 'கண்டது', 'கேட்டது', 'கருதியது' என்று தலைப்பிட வேண்டும். எடுத்துக்கொண்ட கதையிலிருந்து செய்திகளை உரிய கட்டத்தில் எழுத வேண்டும். கதைசொல்லி ஒருவர் இருந்தால் அவர் 'கண்டேன்' என்று சொல்வது நமக்குக் 'கேட்டது'தான். இந்த இடத்தில் குழுக்களுக்குள் நல்ல சண்டை வரும். வரட்டும். காஞ்சனையின் கால்கள் எந்தக் கட்டம் என்ற ஒரு கேள்விக்கே பத்து நிமிடம் போய்விடும்.

இரண்டாம் பாடவேளை. ஒவ்வொரு குழுவும் முடிவுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அதற்குத் துணையாக இரண்டு சான்றுகள் காட்ட வேண்டும். பின்னர் தன் விளக்கத்துக்கு எதிராக நிற்கும் ஒரு சான்றையும் அதே குழு சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் செயல்பாட்டின் உயிர். தன் கட்சிக்கு எதிரான சான்றைத் தானே தேடும் பிள்ளை வாதத்தில் வெல்வதை மறந்து கதைக்குள் போய்விடுகிறது. நிறைவில் யார் வென்றார் என்று ஆசிரியர் அறிவிக்க வேண்டியதில்லை. எந்த விளக்கத்துக்கு அதிகச் சான்று, எதற்குக் குறைவு என்று மட்டும் வகுப்போடு சேர்ந்து தொகுத்துச் சொன்னால் போதும்.

"அப்ப எதுதான் சரி டீச்சர்?" என்ற கேள்வி அப்போதும் வரும். "ஆசிரியர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டால் அது அவர் கதை ஆகாது, என் கதை ஆகிவிடும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது புரிகிறது.

தொடக்க வகுப்புகளில்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பேய்க்கதை வேண்டாம். 'தி ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுக் குறும்படம் (1956) இதற்கு அருமையாகப் பயன்படும். 34 நிமிடம். பேச்சு மிகக் குறைவு என்பதால் மொழி தடையில்லை. ஒரு சிறுவனோடு நட்பாகும் சிவப்புப் பலூனை முரட்டுப் பிள்ளைகள் உடைத்துவிடுகிறார்கள். அப்போது பாரிஸ் நகரத்துப் பலூன்கள் எல்லாம் அவனிடம் வந்து சேர்ந்து அவனை வானத்தில் தூக்கிச் செல்கின்றன. திறன் வகுப்பறையில் திரையிட்டுவிட்டு, "அவன் எங்கே போகிறான்?" என்று கேளுங்கள். வீட்டுக்கு, நிலாவுக்கு, கனவுக்கு, சாமிகிட்ட என்று பல விடைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் "ஏன் அப்படி நினைக்கிறாய்? படத்தில் எதைப் பார்த்தாய்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

படம் காட்ட வசதியில்லாத பள்ளிகளில் பழைய கயிறு–பாம்பு எடுத்துக்காட்டு இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் கிடந்ததைப் பாம்பு என்று நினைத்து ஓடியவன் எதைக் கண்டான்? நீளமாக, வளைந்து கிடந்த ஒன்றைக் கண்டான். பாம்பு என்பது அவன் கருதியது. இந்த வேறுபாட்டை எட்டு வயதுப் பிள்ளை எளிதில் சொல்லிவிடும்.

மதிப்பெண் எப்படி?

பல விடைகள் சரி என்றால் திருத்துவது எப்படி என்பது நியாயமான கவலை. ஐந்து மதிப்பெண் வினாவை இப்படிப் பிரிக்கலாம்: தன் விளக்கத்தைத் தெளிவாகச் சொன்னதற்கு 1, பனுவலிலிருந்து பொருத்தமான சான்றுகள் காட்டியதற்கு 2, எதிர்ச்சான்று ஒன்றைக் கருத்தில் கொண்டதற்கு 1, பிழையற்ற, கோவையான மொழிக்கு 1. பேய் என்று எழுதிய பிள்ளையும் பிரமை என்று எழுதிய பிள்ளையும் ஐந்துக்கு ஐந்து பெறலாம். சான்று இல்லாமல் எழுதியவர் எந்தக் கட்சியானாலும் பாதியைத் தாண்ட முடியாது. இதை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகள் விளையாட்டின் விதியைப் புரிந்துகொள்வார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்ல வாய்ப்புத் தரலாம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகள் சிலர் இதில் முன்னால் நிற்பதைப் பார்க்கலாம்.

கதைக்கு வெளியே

இவ்வளவு பாடும் ஒரு சினிமா முடிவுக்காகவா என்று கேட்கலாம். 2018 மே மாதம் நம் மாநிலத்தில் நடந்த ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் செய்தி பரவிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த முதியவள் ஒருத்தி வழியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிய கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார்.

மூன்று கட்டங்களில் இதை எழுதிப் பாருங்கள். கண்டது: ஒரு பாட்டி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கேட்டது: யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. கருதியது: இவர் பிள்ளை பிடிப்பவர். முதல் கட்டத்தில் குற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் கட்டத்தில் சொன்னவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் எழுத வேண்டியதைக் கூட்டம் முதல் கட்டத்தில் எழுதிவிட்டது. 'கண்ணால் பார்த்தோம்' என்றே அவர்கள் நம்பியிருப்பார்கள். பத்தாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு மாணவன், "அந்தக் கூட்டத்துல ஒருத்தராவது 'நீ பாத்தியா?'னு கேட்டிருக்கணும்" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவரை உருவாக்குவது மொழிப்பாடத்தின் வேலைகளில் ஒன்று.

மைக்கேலின் பொய் ஏன் பலித்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பேசலாம். கேட்பவருக்கு ஏற்கெனவே உள்ள அச்சத்தைப் பார்த்துத்தான் அவன் கதையைக் கட்டினான். வதந்தி பரவும் வழியும் அதுதான். பிள்ளைமேல் உள்ள பாசம்தான் அந்தக் கைப்பேசிச் செய்திக்குக் கால் கொடுத்தது.

ஆசிரியர் கவனத்துக்கு

பேய்க்கதைகளை வகுப்பில் எடுக்கும்போது இரண்டு செய்திகளில் கவனம் தேவை.

முதலாவது, நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் சுடலைமாடனும் இசக்கியம்மனும் குலதெய்வங்கள். கொடை விழாவில் வில்லுப்பாட்டாகக் கேட்கும் கதைகள் பிள்ளைகளின் வீட்டு வழிபாட்டோடு சேர்ந்தவை. அவற்றைப் 'பேய்க்கதை' என்ற தலைப்பில் கொண்டுவந்து வகுப்பில் நிறுத்துவது முறையல்ல. நாம் ஆராய்வது எழுத்தாளர் எழுதிய கதையையும் இயக்குநர் எடுத்த படத்தையும் மட்டுமே. யாருடைய நம்பிக்கையும் அங்கே விசாரணைக்கு வரவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, இந்தப் பேச்சின் நடுவே சில பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். அக்காவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, அம்மா இரவில் தனியாகப் பேசுகிறாள், எனக்கும் யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்று வரும். வளரிளம் பருவத்தில் மனம் படும் துன்பம் தூக்கமின்மையாக, மயக்கமாக, சாப்பிடாமையாக, திடீர்க் கோபமாக வெளிப்படலாம். அங்கே நாம் கண்டது இவ்வளவுதான்: பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மயங்கி விழுந்தது. பேய் என்பதும் கருதியதே, 'நடிக்கிறாள்' என்று நாம் சொல்லிவிடுவதும் கருதியதே. இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் பேச வேண்டும். நோயை நாம் பெயரிட வேண்டாம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டினால் போதும். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கலாம். பெற்றோர் கோயிலுக்கும் அழைத்துப் போவார்கள். அதைத் தடுத்து வாதிட்டால் அவர்கள் மருத்துவரிடம் வராமல் போகக்கூடும். மருத்துவரையும் பாருங்கள் என்று சொல்வதே பயன் தரும்.

நிறைவாக

இந்தச் செயல்பாட்டுக்குப் புதிய புத்தகமோ கருவியோ தேவையில்லை. பாடநூலில் உள்ள எந்தத் துணைப்பாடக் கதைக்கும் மூன்று கட்டங்களைப் போட்டுப் பார்க்கலாம். வரலாற்றுப் பாடத்தில் கல்வெட்டு சொல்வது எது, நாம் அதிலிருந்து கருதுவது எது என்று பிரிக்கலாம். அறிவியலில் உற்றுநோக்கலையும் முடிவையும் தனித்தனியே எழுதச் சொல்வதும் இதேதான். எனவே மொழி ஆசிரியர் மட்டும் அன்றி, மற்றப் பாட ஆசிரியர்களும் இதே மூன்று சொற்களைப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்கு அது பழக்கமாகிவிடும்.

இந்த மாதம் ஒரு வகுப்பில், ஒரு கதையில் தொடங்கிப் பாருங்கள். பிள்ளைகள் முடிவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தைத் தாமாகவே பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினால், அவர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.